நான்காம் வினாவில் நின்ற பேனா: நீட் தேர்வறையில் பதறிய ஒரு மாணவியின் இரண்டாம் முயற்சி

இது ஒரு மாணவியின் இரண்டு நீட் தேர்வுகளைப் பற்றிய பதிவு. முதலாவது 2024 மே 5 அன்றும் இரண்டாவது 2025 மே 4 அன்றும் நடந்தவை. அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன. நன்றாகப் படித்த பிள்ளை தேர்வறையில் ஏன் சரிகிறது என்ற கேள்விக்கு "பயம்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போகிறோம். இந்த மாணவியின் விஷயத்தில் அந்தப் பயம் எந்த வினாவில் தொடங்கியது, எங்கே பரவியது, எத்தனை மதிப்பெண்ணைக் கொண்டுபோனது என்று தாளை வைத்தே எண்ணிப் பார்க்க முடிந்தது. அதற்காகவே, இரண்டாம் முயற்சிக்கு அவருக்குப் பயிற்சி அளித்த நாங்கள் இதை எழுதுகிறோம்.

பின்னணி

தென்மாவட்டக் கிராமம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, தமிழ்வழி. ஆகவே மாநில ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. அப்பா கட்டட வேலை, அம்மா நூறு நாள் வேலை. வீட்டில் முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் இவர்தான்.

2024 மார்ச், ஏப்ரலில் எழுதிய மாதிரித் தேர்வுகளில் 720க்கு 395 முதல் 420 வரை எடுத்திருந்தார். உயிரியலில் 275 முதல் 285, வேதியியலில் 75 முதல் 80, இயற்பியலில் 45 முதல் 55. நீட்டில் எடுத்தது 318.

ஒரு விவரம் அப்போது யார் கண்ணிலும் படவில்லை. அந்த மாதிரித் தேர்வுகள் எல்லாம் காலை 9:30 மணிக்கு, அவருடைய சொந்த வகுப்பறையில், அவர் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் நடந்தவை. விடை வட்டங்களை நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளில் பேனாவால் ஷேட் செய்து பழகியது இரண்டே முறை. உண்மையான தேர்வு பிற்பகல் 2 மணிக்கு, அறிமுகமில்லாத ஊரில், மே மாத வெயிலில்.

தாள் காட்டியது

நீட்டில் வினாத்தாளை மாணவர் வீட்டுக்கு எடுத்துவரலாம். பின்னர் தேசியத் தேர்வு முகமை விடைக்குறிப்பையும் ஒவ்வொருவரின் ஓ.எம்.ஆர். தாளின் ஸ்கேன் படத்தையும் இணையத்தில் வெளியிடுகிறது. பெரும்பாலான வீடுகளில் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்ததும் இரண்டையும் மூடி வைத்துவிடுகிறார்கள். இவருடைய வினாத்தாளையும் ஸ்கேன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆசிரியர் ஒருவர் வரி வரியாக ஒப்பிட்டார்.

விடையளிக்க வேண்டிய 180 வினாக்களில் 95 சரி, 62 தவறு, 23 விடப்பட்டவை. பாடவாரியாக உயிரியல் 228, வேதியியல் 61, இயற்பியல் 29.

வினாத்தாளில் முதலில் வருவது இயற்பியல். இவர் முதல் பக்கத்திலிருந்தே தொடங்கியிருந்தார். முதல் மூன்று வினாக்களுக்கு ஓரத்தில் சுருக்கமான கணக்கு இருந்தது. நான்காவது, மின்தேக்கிகள் இணைந்த ஒரு சுற்று. அதன் ஓரத்தில் அதே சமன்பாடு மூன்று முறை எழுதப்பட்டு மூன்று முறையும் அடிக்கப்பட்டிருந்தது. மூன்றாம் முறை பேனா தாளைக் கிழித்திருந்தது. "அங்கதான் சார் கை வேர்க்க ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் படிச்ச வரியையே திரும்பத் திரும்பப் படிச்சேன்" என்றார்.

இயற்பியலை விட்டு எழும்போது மணி 3:15. 75 நிமிடம் போயிருந்தது. வேதியியல் 4:15 வரை இழுத்தது. அந்த ஆண்டு தேர்வு நேரம் 200 நிமிடம் என்பதால் 5:20 வரை மீதி 65 நிமிடம். அதற்குள் தாவரவியலும் விலங்கியலும் சேர்த்து 90 வினாக்கள். விலங்கியலில் ஒரு வினாவை விட்டுவிட்டு அடுத்ததற்கு விடை கண்டவர், அந்த விடையை விட்ட வினாவின் வரிசையில் ஷேட் செய்துவிட்டார். அப்படியே ஏழு வரிசைகள் ஒன்று மேலே நகர்ந்தன. வினாத்தாளில் அவர் டிக் செய்திருந்தபடி பார்த்தால் அந்த ஏழில் ஆறு சரி, ஒன்று தவறு; சரிக்கு 4, தவறுக்குக் கழித்தல் 1 என்பதால் 23 மதிப்பெண். ஓ.எம்.ஆரில் இருந்தபடி ஒன்றுதான் தற்செயலாகச் சரி, ஆறு தவறு, கழித்தல் 2. வரிசை பிசகியதில் மட்டும் 25 மதிப்பெண் போயிருக்கிறது.

இந்த ஆய்வின் மையம் இதுதான். வழக்கமாக எடுப்பதோடு ஒப்பிட்டால் இயற்பியலில் இழந்தது 20 மதிப்பெண் அளவு. இயற்பியலில் வந்த பதற்றத்தால், நன்றாகத் தெரிந்த உயிரியலில் இழந்தது 50 அளவு. "உனக்கு இயற்பியல் வரவில்லை" என்று சொல்லி மேலும் ஓராண்டு இயற்பியலையே படிக்க வைத்திருந்தால் இந்த 50 திரும்பியிருக்காது.

இயற்பியலில் தவறான 23 வினாக்களையும் பிரித்துப் பார்த்தோம். ஏழு உண்மையிலேயே தெரியாதவை. ஐந்தில் முறை சரி, பத்தின் அடுக்கிலோ அலகிலோ பிழை. மீதி பதினொன்றில் கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு, அருகில் தெரிந்த ஓர் எண்ணைக் குறித்திருக்கிறார்.

முதலில் உடம்பு

2024 ஜூலையில் மாணவி அழுகையோடு வந்தார். தூக்கம் இல்லை, படபடப்பு, "காலைல எந்திரிக்கவே பிடிக்கல" என்றார். இதை உடனே "தேர்வு பயம்" என்ற பையில் போடக் கூடாது என்பது முதல் முடிவு. அரசு மருத்துவமனையின் மாவட்ட மனநலத் திட்ட ஆலோசகரிடம் அனுப்பப்பட்டார். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று அவர் சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. கேட்டால் எண்ணம் முளைத்துவிடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அது தவறு. கேட்டுவிட்டதால்தான் பிள்ளை மனம்விட்டுப் பேசியது. இரவு நேரத் தேவைக்கு 14416, 104 ஆகிய இரு உதவி எண்களும் அம்மாவின் செல்பேசியில் பதியப்பட்டன.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.6 கிராம். இந்த வயதுப் பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். இரத்தசோகை இருந்தால் மாடி ஏறினாலே நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பைப் பயம் என்று மூளை எடுத்துக்கொள்ளும்போது பயம் இரட்டிக்கிறது. இரும்புச் சத்து மாத்திரை தொடங்கப்பட்டது. டீயோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாக ஏறாது என்பதால் இடையில் ஒரு மணி நேரம் விடச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு ஐந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் இரண்டாகக் குறைத்தார்.

"டென்ஷன் மாத்திரை ஏதாவது குடுங்க டாக்டர்" என்று அப்பா கேட்டார். மருத்துவர் மறுத்துவிட்டார். நெஞ்சுப் படபடப்பை அடக்கச் சிலர் போடும் புரோப்ரனலால் மூச்சுக்குழலைச் சுருக்கக்கூடியது. இந்த மாணவிக்குச் சிறுவயதில் வீசிங் இருந்திருக்கிறது. தெரிந்தவர் சொன்னார் என்று மருந்துக்கடையில் இதை வாங்கிக் கொடுக்கும் வழக்கம் இருப்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறோம்.

எடுத்த முடிவுகள்

பதற்றத்தை இல்லாமல் ஆக்குவது என்ற குறிக்கோள் கைவிடப்பட்டது. அது வரும், வரும்போது கை என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே பழக்கிவிடுவது என்று முடிவானது.

வரிசை மாற்றம். உயிரியல், வேதியியல், இயற்பியல் என்ற வரிசை வகுக்கப்பட்டது. தெரிந்ததில் தொடங்கினால் தைரியம் வரும் என்பது பலரும் சொல்வது. இவருக்கு அதைவிடப் பெரிய காரணம், மொத்த மதிப்பெண்ணில் பாதியான 360 உயிரியலில் இருப்பதுதான். கலங்கிய பின் அதைத் தொடக் கூடாது.

மூச்சு. பேனாவைக் கீழே வைப்பது, இரு பாதங்களையும் தரையில் ஊன்றுவது, நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து ஆறு எண்ணும் வரை வாயால் மெல்ல விடுவது. ஐந்து முறை செய்ய ஐம்பது விநாடி ஆகும். வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது; அதனால்தான் விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும். பதறியவர்கள் பொதுவாக ஆழமாக இழுத்து இழுத்து விடுகிறார்கள். அதில் தலை சுற்றும், விரல் மரத்துப்போகும். இவரும் முதல் வாரம் அப்படித்தான் செய்தார். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் என்று ஆறு வாரம் பழகிய பிறகே மாதிரித் தேர்வுக்குள் இது கொண்டுவரப்பட்டது.

ஓ.எம்.ஆர். பழக்கம். ஒரு பக்கத்தின் வினாக்களை முடித்த பிறகு அந்தப் பக்கத்துக்கு மட்டும் மொத்தமாக ஷேட் செய்வது. ஒவ்வொரு வரிசையிலும் எண், விடை, எண் என்று மனத்துக்குள் சொல்வது: "நூற்று இருபத்து மூன்று, இரண்டு, நூற்று இருபத்து மூன்று." விட்ட வினாவின் எண்ணைச் சுற்றி வினாத்தாளில் பெரிய வட்டம் போடுவது, ஓ.எம்.ஆர். தாளில் எந்தக் குறியும் போடக் கூடாது. 5, 0 என்று முடியும் வரிசைகளில் நின்று சரிபார்ப்பது. பால்பாயிண்ட் பேனாவால் போட்டதை அழிக்க முடியாது; பிசகினாலும் ஐந்து வரிசைக்குள் பிடித்துவிடலாம். வேர்க்கும் கைக்கு அடியில் வைத்துக்கொள்ள வினாத்தாளின் மூலையே போதும் என்றும் பழக்கப்பட்டது, கைக்குட்டை உள்ளே விடப்படுமா என்பதை நம்பியிருக்க முடியாது.

ஊகிக்கும் விதி. சரியான விடைக்கு 4, தவறுக்குக் கழித்தல் 1. கண்ணை மூடிக் குறித்தால்கூட நான்கில் ஒன்று சரியாகி, சராசரியில் வினாவுக்குக் கால் மதிப்பெண் வரவுதான். இரண்டு விடைகளை விலக்க முடிந்தால் வரவு ஒன்றரை. கணக்கு இப்படி இருந்தும் இவர் பாதியில் விட்டுக் குறித்த பதினொன்றும் தவறானதற்குக் காரணம் உண்டு. வழக்கமாகச் செய்யும் பிழைகளால் கிடைக்கும் எண்களையே தவறான விடைகளாக வைக்கிறார்கள். பாதிக் கணக்கில் "அருகில் தெரியும்" எண் பெரும்பாலும் பொறி. ஆகவே விதி இப்படி அமைந்தது: இரண்டை அடித்துவிட்டால் குறி, பாதிக் கணக்கை நம்பிக் குறிக்காதே.

இருமொழித் தாள். தமிழ்வழி மாணவருக்கு ஆங்கிலமும் தமிழும் சேர்ந்த தாள் வருகிறது. மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலமே இறுதி. 2018இல் 49 வினாக்களின் தமிழாக்கப் பிழைக்காக 196 மதிப்பெண் வழங்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னதும், உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் இந்த மாணவர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த அச்சத்தில் இவர் ஒவ்வொரு வினாவையும் இரு மொழியிலும் முழுதாகப் படித்து நேரம் இழந்தார். தமிழில் படிப்பது, கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் பார்த்துக்கொள்வது என்று மாற்றியதில் ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் வரை மிஞ்சியது.

பயன்படாத ஒன்றும் உண்டு. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் பயத்தை எழுதித் தீர்ப்பது மதிப்பெண்ணைக் கூட்டுகிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் ராமிரெஸ், பெய்லாக் ஆகிய இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. இவரை இரண்டு முறை எழுத வைத்தோம். இரண்டு முறையும் அழுதுவிட்டுத் தேர்வுக்குப் போனார். மூன்றாம் முறை வற்புறுத்தவில்லை. முந்தின நாள் மாலையில் எழுதிக் கிழித்துப் போடுவது மட்டும் அவருக்கு ஒத்துவந்தது.

ஜனவரி மாற்றமும் மார்ச் சறுக்கலும்

2025 ஜனவரியில் தேர்வு அமைப்பு மாறியது. தேர்ந்தெடுத்து எழுதும் பகுதி நீக்கப்பட்டு, 180 வினாக்கள், 180 நிமிடம் என்ற பழைய முறை திரும்பியது. 200 நிமிடத்துக்குப் போட்ட நேரத் திட்டம் அன்றே செல்லாதது ஆனது. புதிய திட்டம்: உயிரியல் 50 நிமிடம், வேதியியல் 50, இயற்பியல் 60, மிச்சம் 20. கைக்கடிகாரம் அனுமதி இல்லை. சுவர்க் கடிகாரத்தை 2:50, 3:40, 4:40 ஆகிய மூன்று நேரங்களில் மட்டும் பார்ப்பது. வினாவுக்கு வினா கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம் பதற்றத்துக்குத் தீனி.

அதிலிருந்து மாதிரித் தேர்வுகள் வேறொரு பள்ளியில், பிற்பகல் 2 மணிக்கு, முன்பின் தெரியாத கண்காணிப்பாளரோடு நடந்தன. நடுவில் கையெழுத்துக்காகவும் இடது கைப் பெருவிரல் ரேகைக்காகவும் எழுப்புவதும் சேர்க்கப்பட்டது. உண்மைத் தேர்விலும் அது நடக்கும். எழுதும் வரிசையை முடித்துவிட்டுத்தான் தலை நிமிர வேண்டும் என்பது பழக்கம்.

மார்ச்சில் ஒரு தேர்வில் 412இலிருந்து 365க்கு இறங்கினார். தாளைப் பார்த்தபோது திட்டப்படியே உயிரியலில்தான் தொடங்கியிருந்தார். ஆனாலும் முதல் பத்து வினாக்களில் நான்கு தவறு. கேட்டபோதுதான் தெரிந்தது: முத்திரையைப் பிரித்துப் பக்கங்கள் சரியா என்று பார்க்கும்போது முதல் பக்கத்து இயற்பியல் வினாக்கள் கண்ணில் பட்டுவிட்டன. "சும்மா ரெண்டு கேள்வி படிச்சேன், அதுவே மண்டையில ஓடிக்கிட்டு இருந்துச்சு." அன்று முதல் பக்கச் சரிபார்ப்பு கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி நடந்தது. கண் பக்க எண்ணில் மட்டும் இருக்க வேண்டும். அடுத்த தேர்வில் 418.

வீடு

இதில்தான் நாங்கள் தாமதித்தோம். ஏப்ரல் முதல் வாரத்தில்தான் பெற்றோரோடு உட்கார்ந்து பேசினோம். அப்பா கோபக்காரர் அல்ல. "இந்த வருஷம் கிடைக்கலேன்னா அவ்வளவுதான் தாயி, எனக்குத் தெம்பு இல்ல" என்று அன்பாகத்தான் தினமும் சொல்லிவந்தார். மாணவி அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "பரீட்சை முடியுற வரைக்கும் மார்க்கு எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்கப்பா."

மாற்று வழிகள் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டப்பட்டன. தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டுக் கால்நடை மருத்துவப் படிப்புக்கும் பி.எஸ்சி. நர்சிங்குக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும், நீட் வேண்டாம். இது அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அன்று இரவு மாணவி ஏழு மணி நேரம் தூங்கினார் என்று அம்மா சொன்னார்.

2025 மே 4

முந்தின நாள் சனிக்கிழமையே மையத்தைப் போய்ப் பார்த்து, உறவினர் வீட்டில் தங்கினார்கள். முதலாண்டில் வாசலில் மூக்குத்தி கழலாமல் கால் மணி நேரம் போராடியிருந்தார். இம்முறை ஒரு வாரத்துக்கு முன்பே கழற்றியாயிற்று. அரைக்கைச் சுடிதார், சாதாரணச் செருப்பு, ஒற்றைச் சடை. ஹால் டிக்கெட், அடையாள அட்டை, புகைப்படங்கள், ஒளிபுகும் தண்ணீர் பாட்டில்.

காலை 8 மணிக்கு இட்லி, 11:15க்குத் தயிர்சாதம் அரை வயிறு. வெறும் வயிற்றில் போனது முதலாண்டுத் தவறு. உள்ளே நுழைந்ததும் கழிப்பறை. வாயில் 1:30க்கு மூடும். இவர் 12:30க்கே உள்ளே. மற்ற மாணவர்கள் கடைசி நிமிடக் குறிப்புகளைப் பேசிய இடத்திலிருந்து தள்ளி உட்கார்ந்தார்.

91ஆம் வினாவில் தொடங்கி 2:53க்கு உயிரியல் முடிந்தது. வேதியியல் 3:45 வரை. இயற்பியலைத் திறந்தபோது முதல் மூன்று வினாக்களும் பிடிபடவில்லை. அந்த ஆண்டு இயற்பியல் நாடு முழுவதும் மாணவர்களைத் திணறடித்தது என்பது அறைக்குள் இருக்கும் ஒருவருக்குத் தெரியாது. தனக்கு மட்டும் வரவில்லை என்றுதான் தோன்றும். பேனாவைக் கீழே வைத்து ஐந்து மூச்சு விட்டார். நான்காவதை விட்டார், ஐந்தாவதையும் விட்டார். ஆறாவது வந்தது. வினாத்தாளின் முதல் பக்கத்தில் ஐந்து வட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. ஓரத்தில் அடித்தல் ஒன்றுகூட இல்லை.

விளைவு

111 சரி, 32 தவறு, 37 விடப்பட்டவை. மொத்தம் 412. உயிரியல் 275, வேதியியல் 90, இயற்பியல் 47. வரிசைப் பிசகு எதுவும் இல்லை.

முந்தின ஆண்டைவிட 94 மதிப்பெண் கூடுதல். அதில் 64 மதிப்பெண், கூடுதலாகச் சரியான 16 வினாக்களால் வந்தது. அதில் ஓராண்டு படிப்புக்குப் பெரும் பங்கு உண்டு, மூச்சுப் பயிற்சிக்கு அதை எழுதிவைக்க முடியாது. மீதி 30 மதிப்பெண், தவறுகள் 62இலிருந்து 32ஆகக் குறைந்ததால் வந்தது. 2024இல் 720 எடுத்தவர்கள் பலர் இருக்க, 2025இல் நாட்டின் முதல் மதிப்பெண்ணே 686 என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடினமான தாளில், பழகும்போது எடுத்த மதிப்பெண்ணை அறைக்குள்ளும் எடுத்தார்.

7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். எட்டவில்லை. பி.டி.எஸ். இடம் கிடைத்துச் சேர்ந்துவிட்டார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

விடப்பட்ட 37இல் 22 இயற்பியல். அந்த 22 வினாக்களை வினாத்தாளில் பார்த்தபோது ஆறு வினாக்களில் இரண்டிரண்டு விடைகள் அடிக்கப்பட்டிருந்தன. எங்கள் விதிப்படியே அவற்றைக் குறித்திருக்க வேண்டும். சராசரியில் 9 மதிப்பெண் வந்திருக்கும். "விடு, விடு" என்று மாதக் கணக்கில் சொல்லிப் பழக்கியவர்கள் நாங்கள். கடைசி இருபது நிமிடத்தில் வட்டமிட்டவற்றுக்குத் திரும்பிப் போவதைத் தனிப் பயிற்சியாக வைக்கவில்லை. அவர் அந்த நேரத்தில் உயிரியலை மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி வரிசை பிசகிவிடக் கூடாது என்ற பயம் அது. ஆக, பதற்றம் போகவில்லை, அடக்கமான வேறு உருவத்தில் அங்கே இருந்திருக்கிறது. இந்த ஆண்டு மாணவர்களுக்கு 4:40 மணிக்கு மேல் செய்ய வேண்டியது ஒரே வேலையாக வைக்கப்பட்டுள்ளது: வட்டமிட்ட எண்களில் இரண்டு அடித்தவற்றை மட்டும் தேடிக் குறிப்பது.

இரத்தப் பரிசோதனை பயிற்சி தொடங்கும் மாதத்திலேயே நடக்க வேண்டும். பிள்ளை அழுதுகொண்டு வரும்வரை காத்திருக்கக் கூடாது. பெற்றோரோடு பேசுவதும் மாற்றுப் படிப்புத் தாளை ஒட்டுவதும் ஏப்ரலிலிருந்து ஆகஸ்டுக்கு நகர்த்தப்பட்டுள்ளன. முதல் மாதிரித் தேர்விலிருந்தே பிற்பகல் 2 மணி, வேறு பள்ளி, ஓ.எம்.ஆர். தாள். ஒரு தாள் அச்சிட ஆகும் செலவைப் பார்த்து முன்பு தயங்கினோம். விலங்கியலில் நகர்ந்த அந்த ஏழு வரிசைகளைப் பார்த்த பிறகு அந்தத் தயக்கம் இல்லை.